பின்னாடி அதிருது: ஒரு பழைய கான்டெஸாவும் போன்ல இருக்கிற சென்சாரும்

(எபிசோட் உரையாடலின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு ஒரு அதிர்வைப் பத்திப் பேசப் போறோம். திருநகர்ல இருக்கிற நண்பனோட அப்பா இருபது வருஷத்துக்கு மேல வச்சிருக்கிற கான்டெஸா கிளாசிக். 60 தாண்டினா பின்சீட்டுக்கு அடியில ஒரு ரீங்காரம் ஆரம்பிக்கும். 70, 75-ல காது அடைக்கிற மாதிரி ஆகும். ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினதும் கேட்ட மாத்திரத்தில் தீர்ப்பு வந்துருச்சு: "கிரவுன் பினியன் போச்சு, ஹவுசிங்கை இறக்கணும்." கான்டெஸா உற்பத்தி 2002-லேயே நின்னுபோச்சு. நல்ல கிரவுன் பினியன் செட்டுக்கு எங்க போறது? அப்பா பேசாம வித்துரலாம்னு முடிவுக்கே வந்துட்டார்.

கான்டெஸா ஸ்போர்ட்ஸ் காரான்னு கமென்ட்ல சண்டைக்கு வராதீங்க. நாலு கதவு சலூன்தான். பிரிட்டன்ல வாக்ஸ்ஹால் விக்டர்னு ஓடின காரோட உடம்பை எடுத்து, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல கொண்டு வந்தது. முதல்ல அம்பாசடரோட 1.5 லிட்டர் இன்ஜின், அப்புறம் இசுசு 1.8. நீளமான பானெட், பின்சக்கர டிரைவ். நம்ம ஊர்ல "மசில் கார்"னு கூப்பிட அதுவே போதுமா இருந்தது.

பின்சக்கர டிரைவ்ங்கிறதுதான் இங்க விஷயம். இப்ப நீங்க ஓட்டுற சின்ன கார்கள்ல பெரும்பாலும் இன்ஜின், கியர்பாக்ஸ், சுத்துற சக்கரம் எல்லாம் முன்னாடியே முடிஞ்சிரும். கான்டெஸாவுல கியர்பாக்ஸ்ல இருந்து காருக்கு அடியில ஒரு நீளக் குழாய் பின்னாடி போகும். அதுதான் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட். லாரிக்காரங்க கிட்ட கேட்டா "ஜாயின்ட்"னு சொல்வாங்க. ரெண்டு முனையிலயும் கூட்டல் குறி மாதிரி ஒரு கிராஸ், அதான் யூ.ஜே. பின்னாடி டிஃபரன்ஷியல், ஆக்ஸில், ரெண்டு சக்கரம். இதுல எது சுத்தினாலும் அதிர்வு வந்து சேர்ற இடம் உங்க முதுகுதான்.

அப்ப எதுன்னு எப்படிப் பிரிக்கிறது? ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வேகத்துல சுத்துதுல்ல, அதை வச்சுத்தான். காதால கேக்குறவங்களுக்காக எண்ணையெல்லாம் முழுசாக்கிச் சொல்றேன். டயர் ஒரு சுத்து சுத்தினா 2 மீட்டர் போகுதுன்னு வச்சுக்குவோம். 72 கிலோமீட்டர் வேகம்னா நொடிக்கு 20 மீட்டர். அப்ப சக்கரம் நொடிக்கு 10 சுத்து, 10 ஹெர்ட்ஸ். ஆக்ஸில் விகிதம் 4-ன்னா ஷாஃப்ட் 40 ஹெர்ட்ஸ். யூ.ஜே. வளைஞ்ச கோணத்துல சுத்தும்போது ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை வேகம் கூடிக் குறையும். அதனால அது 80 ஹெர்ட்ஸ்.

உங்க காருக்கு இந்த எண்களை நீங்களே எடுக்கலாம். டயர்லயும் தரையிலயும் சாக்பீஸ் கோடு போட்டு, ஒரு சுத்து தள்ளி, டேப் வச்சு அளந்துக்கோங்க. ஆக்ஸில் விகிதத்துக்கு, முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்ட் வச்சு, நியூட்ரல்ல போடுங்க. தூக்கின சக்கரத்தை ரெண்டு சுத்து சுத்துங்க. ஷாஃப்ட் எத்தனை சுத்து சுத்துதோ அதுதான் விகிதம். ஏன் ரெண்டு சுத்துன்னா, ஒரு பக்கம் தரையில நிக்கும்போது டிஃபரன்ஷியல் ரெண்டு சக்கரத்தோட சராசரியைத்தான் எடுத்துக்கும்.

உடம்பே ஒரு நல்ல மீட்டர்தான். 10 ஹெர்ட்ஸ்னா கட்டை வண்டி குலுக்கல். 40-ன்னா சீட்டுல ஒரு உறுமல். 80-ன்னா குலுக்கலே தெரியாது, ரீங்காரமாத்தான் வரும். நண்பன் சொன்னது ரீங்காரம். அப்பவே டயர் மேல எனக்குச் சந்தேகம் குறைஞ்சுருச்சு.

ஆனாலும் டயரைப் பாக்காம விடக் கூடாது, ஏன்னா அதுதான் செலவில்லாத வேலை. திருமங்கலம், கள்ளிக்குடி பக்கம் கரிசல் மண். மழைக்கு அப்புறம் கண்மாய்க் கரைப் பாதையில போய் வந்தா ரிம்முக்கு உள்பக்கம் களிமண் அப்பிக் காஞ்சு நிக்கும். வெளிய இருந்து தெரியாது. ரிம் ஓரத்துல ஒரே இடத்துல 100 கிராம் மண்ணுன்னா, நம்ம 72-ல அது சக்கரத்தை இழுக்கிற விசை கிட்டத்தட்ட 7 கிலோ எடைக்குச் சமம். நொடிக்குப் பத்து தடவை. வேகம் ஒன்றரை மடங்கு ஆச்சுன்னா விசை ரெண்டே கால் மடங்கு. அப்புறம் டயர் வயசு. பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும். 2314-ன்னா 2014-ஆம் வருஷம் 23-ஆவது வாரம். பழைய கார்கள் ஓடுறதை விட நிக்கிறதுதான் ஜாஸ்தி, நின்ன இடத்துலயே டயர் தட்டையாகும். இந்தக் காருக்கு மண்ணு இல்ல, டயரும் புதுசு.

ரோட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு. ஷாஃப்ட்டைக் கையால பிடிச்சு ஆட்டிப் பாருங்க. கிராஸ் கப்பைச் சுத்தி செம்மண் மாதிரி துருப்பொடி இருந்தாலோ, ரிவர்ஸ் போட்டு கிளட்சை விடும்போது "டக்"னு சத்தம் வந்தாலோ, டெஸ்ட் டிரைவ் கிடையாது. முதல்ல கிராஸ் மாத்தணும். ஓடும்போது முன்பக்க கிராஸ் உடைஞ்சா ஷாஃப்ட் நுனி ரோட்டுல இறங்கிக் குத்தும். இதுல நான் ரொம்பக் கறார்.

நண்பன் கார்ல கிராஸ் இறுக்கமா இருந்துச்சு. காலங்காத்தால கப்பலூர் தாண்டி விருதுநகர் போற நாலு வழிச்சாலை. நம்ம ஆளுங்களுக்குத் தெரிஞ்ச பாஷையில சொன்னா 'பைசெக்ட்' பண்ணப் போறோம். 72-ல நாலாவது கியர், ரீங்காரம் இருக்கு. அதே வேகத்துல மூணாவது கியர். இன்ஜின் வேகம் ஏறிருச்சு, ரீங்காரம் அதே சுருதியில நிக்குது. ரோடு காலியா இருக்கும்போது சில நொடி மட்டும் நியூட்ரல், இன்ஜினை அணைக்காம. ரீங்காரம் குறைஞ்சது, ஆனா போகல. ஆக, இன்ஜின், கிளட்ச் எல்லாம் தப்பிச்சாச்சு. பிரச்சினை கியர்பாக்ஸுக்குப் பின்னாடிதான். ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா கூடுது, விட்டா குறையுது.

அடுத்து போன். ஜெர்மனியில ஆகன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கின ஃபைஃபாக்ஸ்னு ஒரு இலவச ஆப் இருக்கு. போனோட முடுக்கமானியை எடுத்து எந்த அலைவரிசையில அதிர்வு அதிகம்னு வரைபடமாக் காட்டும். போனை ஹோல்டர்ல வைக்காதீங்க, ஹோல்டரோட ஆட்டம்தான் பதிவாகும். பின்சீட் முன்னாடி கார்ப்பெட்டைத் தூக்கிட்டு, தகட்டு மேல டேப் போட்டு ஒட்டுங்க.

இங்க ஒரு பொறி இருக்கு. 80 ஹெர்ட்ஸைப் பிடிக்க நொடிக்கு 160-க்கு மேல அளவெடுக்கணும். நொடிக்கு 100 மட்டும் எடுக்கிற போன்ல அந்த 80, 20 ஹெர்ட்ஸ்னு வேஷம் போட்டு வரலாம். 20-ன்னா சக்கரத்தோட சரியா ரெண்டு மடங்கு. உடனே டயர் கோணிருச்சுன்னு முடிவு பண்ணி நாலு டயரை மாத்திருவீங்க. ஆண்ட்ராய்டு 12-ல இருந்து, தனி அனுமதி வாங்காத ஆப்புக்கு 200-க்கு மேல கிடைக்காது. நம்ம வேலைக்கு அது போதும், போன் அவ்வளவு கொடுக்குதான்னு மட்டும் பாத்துக்கோங்க.

வரைபடத்துல 10-ல ஒரு சின்ன மேடு. 40-ல கிட்டத்தட்ட ஒண்ணுமில்ல, அதாவது ஷாஃப்ட் பேலன்ஸ் சரியா இருக்கு. 80-ல கோபுரம். கிரவுன் பினியன் பல்லுச் சத்தமா இருந்தா பினியன்ல எத்தனை பல்லோ அத்தனை மடங்கு வரும், பல நூறு ஹெர்ட்ஸ்ல ஊளையிடும். இது அது இல்ல. ஷாஃப்ட்டோட சரியா ரெண்டு மடங்குன்னா யூ.ஜே. கோணம்.

ஒரு யூ.ஜே. பண்ற ஏத்த இறக்கத்தை இன்னொரு யூ.ஜே. எதிர்ப்பக்கமா பண்ணி ரத்து செய்யும். அதுக்கு ரெண்டு கோணமும் சமமா இருக்கணும். அந்த ஏத்த இறக்கம் கோணத்தோட வர்க்கத்துல வளரும். 3 டிகிரியில 0.14 சதவீதம், 6 டிகிரியில 0.55. ரெண்டு துண்டு ஷாஃப்ட்டா இருந்தா ஸ்ப்ளைன்ல ஒரு பல் மாத்தி மாட்டினாலும் இதே நோய்தான் வரும். லாரிகள்ல அம்புக்குறி போட்டு வைக்கிறது அதுக்குத்தான்.

கோணத்தையும் போன்லயே அளந்தோம். காரை குழிக்கு மேல சக்கரத்துல நிக்க வச்சுத்தான் அளக்கணும். ஜாக்கில தூக்கினா ஆக்ஸில் தொங்கி, கோணம் பொய் சொல்லும். முன்பக்க யூ.ஜே.யில 4 டிகிரி, பின்னாடி இரண்டரை. காரணம் மேலயே தெரிஞ்சது. சில மாசம் முன்னாடி கியர்பாக்ஸ் மவுண்ட் மாத்தியிருக்காங்க. ஒரிஜினல் கிடைக்காம வேற வண்டி ரப்பரைப் போட்டு, அடியில ஒன்றரை சென்டிமீட்டருக்குத் தகட்டுப் பாக்கிங். கியர்பாக்ஸ் வால் தூக்கிக்கிச்சு.

எங்களுக்குக் குழி கொடுத்த மெக்கானிக் அண்ணன் குனிஞ்சு பாத்துட்டு, "தம்பி, இதை எடுத்துட்டா ரப்பர் குட்டையாத்தான் இருக்கும், இருந்தாலும் எடுத்துப் பாப்போம்"னார். எடுத்தார். ரெண்டு பக்கமும் 2 டிகிரிக்குப் பக்கத்துல வந்துருச்சு. அதே ரோடு, அதே 72. 80-ல இருந்த கோபுரம் மேடாயிருச்சு. ஹவுசிங்ல கையே வைக்கல. அப்பா விக்கிற பேச்சை எடுக்கறதில்ல.

ஒரு நேயர் கேள்வி: "எங்க தாத்தாவோட ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு இது பொருந்துமா?" பாதிதான். மெட்ராஸ்ல தயாரான அந்த ஹெரால்டும் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர்ங்கிற அசல் ஸ்போர்ட்ஸ் காரும் ஒரே குடும்பத்துச் சேஸி. அதுல டிஃபரன்ஷியல் சேஸியோட போல்ட் போட்டு நிக்கும், சக்கரத்துக்குப் போற ரெண்டு அரை ஷாஃப்ட்லயும் ஆளுக்கொரு யூ.ஜே. இருக்கும். அது தேஞ்சா மேடு பள்ளத்துல சக்கர வேகத்தோட ரெண்டு மடங்கு, நம்ம கணக்குல 20 ஹெர்ட்ஸ். அதனால ஹெரால்டுல 20 பாத்தா அது வேஷமா நிஜமான்னு முதல்ல போனோட அளவெடுக்கிற வேகத்தைப் பாத்துருங்க. பின்னாடி வந்த கெஸல் மாடல்ல இந்த அமைப்பையே எடுத்துட்டு ஒரே துண்டு ஆக்ஸில் போட்டுட்டாங்க, அதுக்கு கான்டெஸா கணக்கே போதும்.