கரும்பூச்சி கற்பிக்கும் பாடம்

"வலுத்தவன் வாழ்வான், இளைத்தவன் மாய்வான், இது இயற்கையின் நியதி. டார்வினே சொல்லிவிட்டார்!" என்று சாய்வு நாற்காலியில் அமர்ந்து சாத்திரம் பேசும் சீமான்கள் உண்டு. ஏழை ஏழையாகவே இருப்பதற்கு விஞ்ஞானத்தைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். டார்வின் சொன்னது அதுதானா? ஒரு சின்னஞ்சிறு விட்டில் பூச்சியை விசாரிப்போம், வாருங்கள் தோழர்களே!

இங்கிலாந்தின் மான்செஸ்டர், பஞ்சாலைகள் நிறைந்த பட்டணம். 19-ம் நூற்றாண்டிலே அதன் புகைபோக்கிகள் இரவும் பகலும் நிலக்கரிப் புகையைக் கக்கின. புகை, பாட்டாளியின் நெஞ்சிலே படிந்தது. சுற்றுப்புறத்து மரங்களிலும் படிந்தது. பட்டையில் படர்ந்திருந்த வெளிறிய பாசி மடிந்தது, மரம் கரியாயிற்று.

அந்த மரங்களில் பகலெல்லாம் ஒட்டிக்கிடக்கும் விட்டில் ஒன்று. வெள்ளைச் சிறகு; மிளகுப்பொடி தூவினாற்போல் கரும்புள்ளிகள். 1848-ல் மான்செஸ்டரில் கரிய நிறத்துப் பூச்சி ஒன்று கண்டெடுக்கப்பட்டது. 1895-ல் அங்கே நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு கரும்பூச்சிகள்!

புகை பட்டு வெள்ளைப் பூச்சி கறுத்ததா? இல்லை. கறுப்பு, பிறவியிலேயே வந்த நிறம். மரபணுவில் தற்செயலாக நேர்ந்த மாறுதல் அது. 1819-ஐ ஒட்டி நேர்ந்திருக்கலாம் என்று 2016-ல் ஆராய்ச்சியாளர் கணித்தனர். கரிய மரத்தில் வெள்ளைப் பூச்சி பளிச்சென்று தெரிந்தது, பறவை கொத்தியது. கரும்பூச்சி தப்பியது, முட்டையிட்டது, குஞ்சுகளும் கறுப்பாயின. தனிப் பூச்சி எதுவும் மாறவில்லை. தலைமுறை தலைமுறையாக இனம் மாறியது. 1859-ல் வெளியிட்ட நூலில் டார்வின் விளக்கிய இயற்கைத் தேர்வு இதுதான். 350 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட உயிரின் வரலாற்றில் ஓயாமல் நடந்துவரும் வேலை இது.

சரி, கரும்பூச்சி உயர்ந்த பிறவியா? மேலே கேளுங்கள். 1956-ல் பிரிட்டனில் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகை குறைந்தது, மரம் வெளுத்தது. இப்போது கரும்பூச்சி பறவையின் கண்ணில் பட்டது! கேம்பிரிட்ஜில் மைக்கேல் மஜெரஸ் என்ற அறிஞர் 2001 முதல் 2007 வரை 4,864 பூச்சிகளை விட்டுப் பார்த்தார். கறுப்பே அதிகம் இரையாயிற்று. அன்று ஊரை ஆண்ட கரும்பூச்சி, இன்று காண்பதற்கே அரிது.

"தக்கது பிழைக்கும்" என்ற தொடரை 1864-ல் உருவாக்கியவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர். டார்வின் பின்னர்தான் அதை எடுத்தாண்டார். தக்கது என்றால் அந்த மரத்துக்கு, அந்த வேளைக்குத் தக்கது; அவ்வளவே! அதிலே பிறவி உயர்வும் இல்லை, நிரந்தரப் பட்டயமும் இல்லை.

இன்னொன்றும் காண்கிறோம். புகையை நிறுத்தப் பூச்சியால் முடியாது. புகையை எழுப்பியவன் மனிதன். சட்டம் போட்டு அடக்கியவனும் மனிதன். தன் வாழ்வின் சூழலைத் தானே மாற்ற வல்லவனைப் பார்த்து, "உன் நிலை இயற்கை விதித்தது" என்பவர்க்கு, அந்தப் பூச்சியே பதில் சொல்லட்டும்!