பெட்டி ஏன் மடங்குகிறது?

நெல் மூட்டை ஏற்ற, களத்து மேட்டில் டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கும் டிராக்டர்காரரின் கையைக் கவனியுங்கள். பெட்டி இடப்பக்கம் போக வேண்டும். அவரோ ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிக்கிறார். டிராக்டரின் பின்புறம் வலப்பக்கம் நகர, கொக்கி பெட்டியின் முன்முனையை அந்தப் பக்கம் தள்ளுகிறது. பெட்டியின் வால் இடப்பக்கம் திரும்புகிறது. திரும்பத் தொடங்கியதுமே ஸ்டியரிங்கை மறுபக்கம் கொண்டுவந்து, பெட்டி போகும் வழியில் டிராக்டரையும் வளைத்துவிடுகிறார். பழகுபவர்களைத் திணறடிப்பது இந்த இரண்டாவது அசைவுதான். கொஞ்சம் தாமதித்தாலும் பெட்டி மடங்கி டிராக்டர் டயரில் இடிக்க வந்துவிடும்.

முன்னால் போகும்போது இந்தத் தொல்லையே இல்லை. சக்கரம் உருளும், பக்கவாட்டில் நழுவாது. எனவே கோணலான பெட்டி கொக்கி இழுக்கும் திசைக்குத் தானாகவே வந்து சேர்ந்துவிடும். பின்னால் தள்ளும்போது அதே கணக்கு தலைகீழாகிறது. கொக்கிக்கும் டிரெய்லர் அச்சுக்கும் இடையே 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். டிராக்டர் நேராகப் பின்னால் வருகிறது, பெட்டி மட்டும் 1 டிகிரி கோணல். 3 மீட்டரில் அது சுமார் 2.7 டிகிரி ஆகும், 6 மீட்டரில் 7-ஐத் தாண்டும், 9 மீட்டரில் 20-ஐத் தொடும்.

இந்தக் கணக்கில் வேகம் எங்குமே வரவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. எவ்வளவு மெதுவாக வந்தாலும் அதே 9 மீட்டரில் அதே 20 டிகிரிதான். மெதுவாக வருவதால் கோணல் குறையாது. கண்ணுக்கும் கைக்கும் நேரம் கிடைக்கும், அவ்வளவே. நீளம்தான் எல்லாம். அச்சு 6 மீட்டர் தள்ளியிருந்தால் அந்த 20 டிகிரிக்கு 18 மீட்டர் ஆகும். அதனால்தான் நீண்ட டிரெய்லரைவிடக் குட்டி டிரெய்லர் அதிகம் முரண்டு பிடிக்கிறது.

இந்தச் சிக்கல் கணினி ஆய்வாளர்களையும் இழுத்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டெரிக் நுயென், பெர்னார்டு விட்ரோ இருவரும் டிரெய்லர் லாரியைப் பின்னால் எடுக்க ஒரு செயற்கை நரம்பு வலையமைப்புக்குக் கணினிக்குள்ளேயே கற்றுக்கொடுத்து, 1989இல் அதைப் பற்றி எழுதினார்கள். முதலில் எளிய இடத்திலிருந்து, பிறகு கடினமான கோணங்களிலிருந்து என்று படிப்படியாகவே அதைப் பழக்கினார்கள். பின்னால் மட்டுமே போகலாம், முன்னால் எடுக்கக் கூடாது என்பது அவர்கள் வைத்த நிபந்தனை.

டிராக்டர்காரருக்கு அந்த நிபந்தனை இல்லை. பெட்டி மிஞ்சிப் போனால் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டாம். முன்னால் இடமிருந்தால் நேராக இழுங்கள். அந்த 20 டிகிரி, 9 மீட்டரில் மறுபடி 1 டிகிரிதான்.