சர்க்கார் தஸ்தாவேஜும் கோர்ட்டாரின் அநுமானமும்

குடவாசல் தாலூகாவில் நிலவழக்கு ஒன்று கோர்ட்டுக்குப் போகிறதென்று வைத்துக்கொள்வோம். வாதி அடங்கல் நகலொன்றைத் தாக்கல் செய்கிறார். அந்நகலைக் கொடுத்த உத்தியோகஸ்தரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினாலன்றி அது செல்லாதென்றால், கச்சேரிகளில் வேறு வேலை நடவாது. ஏழைக் குடியானவனுக்கு நியாயமும் கிட்டாது. ஆகையால் சட்டமே இதற்கு வழி வகுத்திருக்கிறது.

முறைப்படி சான்றளிக்கப்பட்ட சர்க்கார் நகலை உண்மையானதென்று கோர்ட்டார் அநுமானிக்க வேண்டுமென 1872-ஆம் வருஷத்து இந்திய சாட்சியச் சட்டத்தின் 79-வது பிரிவு கூறியது. 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தில் அதுவே 78-வது பிரிவாகும். கெஜட்டுக்கும் பத்திரிகைகளுக்கும் 80-வது பிரிவு இத்தகைய அநுமானத்தை அளிக்கிறது. பொய்யென்று எதிர்க்கட்சிக்காரர் ருஜுப்பிக்கும் வரையில் இவ்வநுமானம் நிற்கும்.

ஆயினும், காகிதம் உண்மையானது என்பது வேறு; அதிற்கண்ட விஷயம் உண்மை என்பது வேறு. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு கொலை வழக்கில், பத்திரிகைச் செய்தி மாத்திரமே அச்செய்தியிற் கண்ட சம்பவத்துக்கு ருஜுவாகாதென்று 1988-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாறே, அடங்கல் அநுபோகத்தைக் காட்ட உதவும். நிலத்தின் பாத்தியதையை அது மாத்திரம் முடிவுசெய்யாது.

கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் இதில் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. ஒழுங்காக வைக்கப்பட்ட சங்கக் கணக்கின் சான்றிட்ட நகலை முதல்நோக்கில் சாட்சியமாக ஏற்கலாமென்று 1912-ஆம் வருஷத்துக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 26-வது பிரிவு விதித்தது. பிற்காலச் சட்டங்களும் இந்நெறியைத் தழுவியவையே. எனவே, அங்கத்தினர் கட்டிய தவணை பேரேட்டில் ஏறாமற் போனால், பேரேடு அவருக்கு விரோதமாகவே பேசும். அதை மறுக்க அவர் கையில் ரசீது இருக்கவேண்டும்.

ஆகவே, பணம் கட்டியவுடன் ரசீது பெறுக. பாஸ்புத்தகத்தில் வரவு ஏறியதா என்று அங்கேயே வாசித்துப் பார்க்க. எழுத்தறியாதார் நம்பிக்கையுள்ள ஒருவரைக் கொண்டு வாசிக்கச் செய்க. பிழை கண்டால் அன்றே எழுத்துமூலம் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்குக. சர்க்கார் பதிவுகள் தேவையானால் வெறும் ஜெராக்ஸ் பிரதியோடு நில்லாது, கட்டணம் செலுத்திச் சான்றிட்ட நகலே பெறுக. அதன் அடியில் உண்மை நகலென்ற சான்று, தேதி, உத்தியோகஸ்தரின் கையொப்பம், பெயர், பதவி, முத்திரை ஆகியவை உளவா என்று பார்த்துக்கொள்வது அவசியம். கோர்ட்டாரின் அநுமானம் இவற்றைக் கொண்டே பிறக்கிறது.