15 வயசுல ஏன் பெயின்ட் வேலை?

பாண்டிச்சேரியிலிருந்து ஈ.சி.ஆர்.ல காலாப்பட்டைத் தாண்டினா, விழுப்புரம் மாவட்டத்துக்குள்ள கீழ்புத்துப்பட்டு வரும். அங்க இலங்கைத் தமிழர் முகாம் ஒண்ணு இருக்கு. வில்லியனூர், பாகூர்ல இருந்து பைக்ல போற தூரம்தான்.

1983 ஜூலை கலவரத்துக்கு அப்புறம் வந்தவங்களோட பேரப் பசங்க இப்போ தமிழ்நாட்டு முகாம்கள்ல வளர்றாங்க. முகாம் ஆண்கள்ல நிறைய பேருக்கு பெயின்டிங்தான் தொழில். நகரத்துக்குப் போய், சாரத்துல நின்னு, பட்டி தேய்ச்சு, தினக்கூலி வாங்குற வேலை. பள்ளிக்கூடத்தை விட்ட பையனும் அப்பா, மாமா பின்னாடியே அதுக்குத்தான் போறான்.

ஸ்கூல்ல சேர்க்க மாட்டாங்களா? சேர்ப்பாங்க. கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை எல்லாக் குழந்தைக்கும் பொருந்தும். 2016-ல திருத்தின குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 14 வயசுக்குக் கீழ வேலைக்கு வைக்கக் கூடாதுன்னு சொல்லுது. 14-லிருந்து 18 வரைக்கும் ஆபத்தான வேலைகளுக்கு மட்டும்தான் தடை. அதாவது 15 வயசுல ரெண்டு சட்டத்தோட பிடியும் தளருது. வீட்டுச் செலவு மட்டும் தளராது. 2021-ல உயர்த்தின மாத உதவித்தொகையே குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், பிள்ளைக்கு 500 ரூபாய்தான்.

சரி, கஷ்டப்பட்டு டிகிரி முடிச்சா? இங்கதான் சிக்கலே. 1987 ஜூலை 1-க்கு முன்னாடி இந்தியாவுல பிறந்திருந்தா, பிறப்பாலயே குடிமகன். 1986-ல மண்டபம் முகாம்ல பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவங்களுக்கு இந்தியப் பெற்றோர் யாராவது இருக்கணும். அம்மா, அப்பா ரெண்டு பேருமே அகதின்னா, இங்கயே பிறந்த பையனும் குடிமகன் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்துலயும் இலங்கை கிடையாது.

குடியுரிமை இல்லாம அரசு வேலை இல்லை, இந்திய பாஸ்போர்ட்டும் இல்லை. நானும் இன்ஜினியரிங் படிச்சவன்தான். எனக்கு ஆஃபர் வந்தப்போ கேட்ட பேப்பர்ல பாஸ்போர்ட்டும் ஒண்ணு. முகாம்ல இன்ஜினியரிங் முடிச்ச அண்ணன் திரும்பவும் பிரஷ் பிடிக்கிறதைப் பார்க்குற தம்பி என்ன கணக்குப் போடுவான்? "நாலு வருஷம் முன்னாடியே போயிருந்தா நாலு வருஷக் கூலி மிச்சம்." அவன் கணக்குல தப்பு இல்லை.

இஸ்தான்புல் தையல் கூடங்கள்ல சிரியப் பிள்ளைங்க வேலை பார்த்த கதையும் கிட்டத்தட்ட இதுதான். பெரியவங்களோட உழைப்புக்கு சட்டப்படி இடம் இல்லாத ஊர்ல, சுமை பிள்ளைங்க தோள்ல இறங்குது.

அதனால "ஸ்கூலுக்குப் போ"ன்னு அறிவுரை சொன்னா மட்டும் போதாது. படிச்சா என்ன கிடைக்கும்னு அவன் கேட்டா, காட்டுறதுக்கு கையில ஒரு காகிதம் வேணும். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.