கடைசி வருடத்தில் கிடைத்த சகோதரிகள்

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகை முடிந்து சற்று நேரம் இருக்கும். வேலிப் படலையைத் தள்ளிக்கொண்டு ராத்தாவின் மகள் வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறவள். இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயையும் ஒரு துண்டுப் பனங்கட்டியையும் அவள் முன்னால் வைத்தேன்.

"சாச்சி, மூண்டாம் வருசத்துல போய் ஒரு சங்கத்துல சேரலாமா? ஆக்கள் என்ன நினைப்பாங்க?"

கேள்விக்குக் காரணம் இருந்தது. இரண்டு வருடமும் கல்முனையிலிருந்து பஸ்ஸில்தான் போய் வந்தாள். சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் கடந்து ஒலுவில். சங்கக் கூட்டங்கள் பின்னேரத்தில் நடக்கும். இருட்டுவதற்குள் வீடு வர வேண்டும். இந்த வருடம்தான் விடுதியில் இடம் கிடைத்தது. அதற்குள் அவளுடைய பட்ச் பிள்ளைகள் செயலாளர், மலர் ஆசிரியர் என்று ஆகிவிட்டார்கள். இனிப் போய் வாசலில் நிற்பதா என்று கூச்சம்.

"இந்தக் கூச்சம் உனக்கு மட்டும் வந்ததில்ல மகள், தேத்தண்ணியக் குடி" என்று சொல்லிவிட்டு, அமெரிக்காவின் உப ஜனாதிபதியாக இருந்த கமலா ஹாரிஸின் கதையைத் தொடங்கினேன்.

அவருடைய தாய் சியாமளா கோபாலன் தமிழ்க் குடும்பத்துப் பெண். தாய்வழிப் பாட்டனாரின் பூர்வீகம் மன்னார்குடிக்குப் பக்கத்தில் உள்ள துளசேந்திரபுரம். கமலா 1982இல் வாஷிங்டனில் உள்ள ஹோவார்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1986இல் பட்டம் பெற்றார். அல்ஃபா கப்பா அல்ஃபா என்ற மாணவியர் சகோதரிச் சங்கத்தில் அவர் சேர்ந்ததும் அதே 1986இல்தான். படிப்பு முடியச் சில மாதங்களே இருந்தன. அவரையும் சேர்த்து 38 பேர் ஒரே அணியாக உள்ளே போனார்கள்.

"சில மாசத்துக்காகவா சேர்ந்தாங்க?" என்றாள்.

அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால், அந்தச் சங்கங்கள் எப்படி நடக்கின்றன என்று முதலில் தெரிய வேண்டும்.

அமெரிக்கக் கல்லூரிகளில் இவற்றுக்குச் சொரோரிட்டி என்று பெயர். லத்தீனில் சொரோர் என்றால் சகோதரி. 1851இலேயே ஜோர்ஜியா மாநிலத்தின் வெஸ்லியன் கல்லூரியில் மாணவிகள் தங்களுக்கென்று இப்படியொரு சங்கம் தொடங்கிவிட்டார்கள். ஆனால் இந்தப் பெயர் பிறகுதான் வந்தது. 1874இல் சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் மாணவிகள் தொடங்கிய காமா ஃபை பீட்டா என்ற சங்கத்துக்கு, அங்கே லத்தீன் கற்பித்த ஃபிராங்க் ஸ்மாலி என்ற பேராசிரியர் சொல்லிக் கொடுத்தது அது. ஆண்கள் நிறைந்த கல்லூரிகளில் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய பெண்கள் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொள்ளக் கட்டிய கூரை என்று அதை நினைத்துக்கொள்ளலாம்.

இன்று அங்கே ஆள் சேர்க்கும் முறை ஒரு கணக்கோடு நடக்கிறது. பெரிய பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்வியாண்டின் தொடக்கத்தில் சில நாட்களை இதற்கென்றே ஒதுக்குவார்கள். சேர விரும்பும் மாணவி ஒவ்வொரு சங்கத்தின் வீட்டுக்கும் போய்ப் பேச வேண்டும். சுற்று முடியும்போது, தனக்குப் பிடித்த சங்கங்களை அவள் வரிசைப்படுத்துவாள்; சங்கங்களும் தங்களுக்குப் பிடித்த மாணவிகளை வரிசைப்படுத்தும். சுற்றுக்குச் சுற்று வீடுகள் குறைந்து, கடைசியில் இரண்டு பட்டியலும் பொருந்துகிற இடத்தில் அவளுக்கு அழைப்பு வரும். ஒவ்வொரு சங்கமும் எத்தனை பேரை எடுக்கலாம் என்பதற்கு ஒதுக்கீடும் உண்டு.

இந்த இடத்தில்தான் பிந்தி வருகிறவளுக்குச் சிரமம். நம்ம ஊர் சீட்டை நினைத்துப் பாருங்கள். இருபது பேர், இருபது மாதம். பதினைந்தாம் மாதம் ஒருத்தி வந்து "என்னையும் சேருங்க" என்றால், அவள் எவ்வளவு நல்லவளாக இருந்தாலும் சீட்டுக்காரி யோசிப்பாள். அங்கேயும் அதே கணக்குத்தான். முதல் வருடத்தில் எடுத்தால் அந்தப் பிள்ளை நான்கு வருடம் சந்தா கட்டுவாள், சங்க வீட்டில் தங்குவாள், நாளைக்குத் தலைவியாகவும் வருவாள். மூன்றாம் வருடத்துக்காரிக்கு இருப்பது இரண்டே வருடம். ஒதுக்கீட்டில் ஓரிடத்தை அவளுக்குக் கொடுத்தால் முதல் வருடப் பிள்ளைக்கு ஓரிடம் குறையும். ஆகவே அவளை எடுக்காமல் விட்டால் அது அவளுடைய குணத்துக்குப் போட்ட மதிப்பெண் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆண்டுகளை எண்ணிப் போட்ட கணக்கு அது. இதை விளங்கிக்கொண்டால் பாதி வலி குறைந்துவிடும்.

அங்கேயே பிந்தியவர்களுக்கு வேறு வாசல்களும் இருக்கின்றன. சில பல்கலைக்கழகங்களில் மேல் வருட மாணவிகளுக்கென்று தனி ஒதுக்கீடு வைத்திருக்கிறார்கள். ஆட்கள் குறைந்த சங்கங்கள் அந்தப் பெரிய சுற்று முடிந்த பிறகும், ஆரவாரமில்லாமல், பழகிப் பார்த்து ஆள் எடுக்கலாம்.

கமலா போன வாசல் இன்னும் வேறானது. அல்ஃபா கப்பா அல்ஃபா, 1908 ஜனவரி 15ஆம் திகதி ஹோவார்ட் பல்கலைக்கழகத்தில் கறுப்பினப் பெண்கள் தொடங்கிய சங்கம். அவர்கள் தொடங்கிய சொரோரிட்டிகளில் இதுவே முதலாவது. வந்த உடனே முதல் வருடப் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளும் வழக்கம் இந்த மரபில் இல்லை. முதலில் படிப்பில் நின்று காட்ட வேண்டும். பட்டம் பெற்ற பிறகு சேர்கிறவர்களுக்கென்று தனிக் கிளைகளும் உண்டு. காரணம் எளிது: கல்லூரியை விட்டுப் போகும் நாள்தான் அங்கே உண்மையான வேலை தொடங்கும் நாள். சாகும் வரைக்கும் உறவு என்று வைத்துவிட்டால், கல்லூரியில் மிச்சமிருப்பது நான்கு வருடமா நான்கு மாதமா என்பது பெரிய விஷயமில்லை.

அதை உலகமே பார்த்தது. 2020 ஓகஸ்டில் கமலா உப ஜனாதிபதி வேட்பாளராக அறிவிக்கப்பட்டபோது, நன்கொடைகள் பல 19 டொலர் 8 சதமாக வந்து சேர்ந்தன. சங்கம் பிறந்த 1908 என்ற ஆண்டை அந்தப் பெண்கள் காசாக எழுதி அனுப்பினார்கள். 2024 ஜூலையில் டல்லஸில் நடந்த அவர்களுடைய மாநாட்டில் அவர் போய்ப் பேசினார். அந்த வருட ஜனாதிபதித் தேர்தலில் அவர் தோற்றார். அதற்காக யாரும் அவருடைய பெயரைச் சகோதரிகள் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. கல்லூரியில் சில மாதம், வெளியே ஏறத்தாழ நாற்பது வருடம்.

"அது அமெரிக்கா, சாச்சி."

உண்மைதான். நமக்குச் சகோதரி என்றால் பிறப்பால் வருகிறவள். இந்தக் கிழக்குக் கரையில் குடி தாய்வழி. பெண்பிள்ளைக்குத்தான் வீடு, மாப்பிள்ளை வந்து சேர்வார். அதனால்தான் என் வீட்டுக்கும் ராத்தா வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலி மட்டும் இருக்கிறது, அதிலும் ஒரு படலை. காய்ச்சல் என்றால் கஞ்சி வரும். கலியாணம் என்றால் பத்துக் கை வரும். இப்படி வளர்ந்த பிள்ளை விடுதி அறைக்குப் போனதும் தேடுவது அந்தப் படலையைத்தான். மூத்த மாணவியை ராத்தா என்றோ அக்கா என்றோ கூப்பிடும்போது அதைத்தான் கேட்கிறாள். நம்ம கெம்பஸ்களில் சொரோரிட்டி இல்லை; முஸ்லிம் மஜ்லிஸும் தமிழ்ச் சங்கமும் பீடச் சங்கங்களும் அந்த இடத்தைக் கொஞ்சம் நிரப்புகின்றன.

தென்கிழக்குப் பல்கலைக்கழகமே பிந்தி வந்ததுதானே! போர்க்காலத்தில் வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிப்பைத் தொடர முடியாமல் போன பிள்ளைகளுக்காக 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் பல்கலைக்கழகமானது. அப்போது அமைச்சராக இருந்த அஷ்ரஃப் அவர்கள் பாடுபட்டுக் கொண்டுவந்தது. பிந்தியது என்பதால் யாராவது அதன் பட்டத்தைக் குறைத்து எண்ணுகிறார்களா?

ஆகவே மகளுக்கு மூன்று காரியம் சொன்னேன்.

ஒன்று, "என்னைச் சேர்ப்பீங்களா" என்று போகாதே. "இந்த வேலைய நான் செய்றன்" என்று போ. முதல் வருடப் பிள்ளைக்குத் தனக்கு என்ன வரும் என்று தெரியாது. உனக்குத் தெரியும். நீ பிழை திருத்துவாய், கணக்கு எழுதுவாய். மலர் அச்சுக்குப் போகிற வாரத்தில் பிழை திருத்த ஒருத்தி வந்தால், எந்த வருடம் என்று யார் கேட்பார்?

இரண்டு, உன்னைவிடச் சின்னப் பிள்ளை செயலாளராக இருந்தால் அவள் சொல்கிறதைக் கேள். பிந்தி வந்தவளுக்கு வயதைக் காட்டி முன் வரிசை கிடைக்காது, அது நியாயமும் கூட.

மூன்று, உள்ளே வர அவமானப்பட வேண்டும் என்று சொல்கிற கூட்டத்தை அந்த இடத்திலேயே விட்டு வந்துவிடு. பகிடிவதை நம்ம நாட்டில் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். அமெரிக்காவிலும் இந்தக் கொடுமை உண்டு. அல்ஃபா கப்பா அல்ஃபாவும் அதன் தோழமைச் சங்கங்களும் 1990இல் பழைய புகுமுக முறையைக் கைவிட்டதற்கு இதுதான் காரணம். தலை குனிய வைத்துக் கொடுக்கும் உறவு சகோதரத்துவம் ஆகாது.

கேட்டுக்கொண்டே இருந்தவள், "ரெண்டு வருசத்துல போயிருவனே, அதுக்குப் பிறகு அவங்களுக்கு நான் என்ன?" என்றாள்.

சங்கங்களுக்குப் பயம், ஆள் போவது இல்லை. ஆளோடு வேலையும் போய்விடுவதுதான். நீ கற்றதை இன்னொருத்தியின் கையில் கொடுத்துவிட்டுப் போனால், உன் இரண்டு வருடம் ஆறு வருடமாகும். போன பிறகும் கூப்பிட்டால் வா. அவ்வளவுதான்.

தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. சூடாக்கி ஊற்றினேன். பாதி குடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினாள்.

"என்ட ரூம்ல ஒரு முதலாம் வருசப் பிள்ள இருக்கா, சாச்சி. பதுளையில இருந்து வந்தவ. பின்னேரமானா ரூமுக்குள்ளேயே இருப்பா. திங்கக்கிழமை நான் போக்குள்ள அவளையும் கூட்டிட்டுப் போகவா?"