வரி பாக்கியால் வீடு பறிபோகும் நிலையா? விற்பதற்கு முன் செய்ய வேண்டியவை

வீட்டுக் கடனை மாதந்தவறாமல் கட்டும் குடும்பங்கள்கூட நில வரியை மறந்துவிடுவதுண்டு. சிறிய தொகைதானே என்ற எண்ணம்தான் காரணம். ஆனால், தீபகற்ப மலேசியாவில் அந்தச் சிறிய பாக்கிக்காகவே வீடு மாநில அரசின் கைக்குப் போய்விடலாம்.

நாம் கட்டும் வரிகள் இரண்டு. ஊராட்சி மன்றத்துக்குக் கட்டும் மதிப்பீட்டு வரியை (சுக்காய் பிந்து) பிப்ரவரி இறுதிக்குள் ஒரு முறையும் ஆகஸ்ட் 31-க்குள் ஒரு முறையும் செலுத்த வேண்டும். கட்டாவிட்டால் மன்றம் வாரண்ட் பிறப்பித்து வீட்டிலுள்ள பொருள்களை ஜப்தி செய்யலாம். நில அலுவலகத்துக்குக் கட்டும் நில வரிக்கு (சுக்காய் தானா) மே 31 கடைசி நாள். அதிக ஆபத்து இதில்தான் உள்ளது.

6ஏ பாரம் வந்தால்

1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி, நில வரி பாக்கி வைத்தவருக்கு நில அலுவலகம் 6ஏ பாரம் அனுப்பும். அது கிடைத்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் முழுத் தொகையையும் கட்ட வேண்டும். தவறினால் நிலம் பறிமுதல் செய்யப்பட்டு அரசாங்கப் பதிவேட்டில் அறிவிக்கப்படும். வங்கி ஏலம் விட்டால் கடன் போக மீதி நமக்கு வரும். பறிமுதலில் அப்படி எதுவும் வராது. வீட்டுக்கு இழப்பீடும் கிடையாது. வங்கிக் கடன் மட்டும் நம் தலையில் நிற்கும்.

இந்த நிலையிலும் வீட்டை விற்கலாமா?

பறிமுதல் ஆகும் வரை உரிமையாளர் நாம்தான், விற்கலாம். சிக்கல் காலத்தில் இருக்கிறது. விற்பனை ஒப்பந்தம் முடிய வழக்கமாக 3 மாதமும், கூடுதலாக 1 மாதமும் தரப்படும். அதற்குள் 6ஏ பாரத்தின் கெடு முடிந்துவிடும். வரி ரசீதுகள் இல்லாமல் 14ஏ பாரத்தில் பெயர் மாற்றமும் நடக்காது. ஆகவே முதலில் பாக்கியைக் கட்டுங்கள்.

கையில் பணம் இல்லையென்றால் வழக்கறிஞரிடம் சொல்லி, வாங்குபவர் தரும் 10 விழுக்காட்டு முன்பணத்திலிருந்து வரியைக் கட்ட ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2 லட்சம் வெள்ளி வீட்டுக்கு முன்பணம் 20,000 வெள்ளி. பாக்கி 2,000 வெள்ளி என்றால் முதல் வாரத்திலேயே தீர்த்துவிடலாம். பாக்கியை வாங்குபவரிடம் மறைக்க வேண்டாம். 6ஏ பாரம் அனுப்பப்பட்டது பட்டாப் பதிவில் குறிக்கப்பட்டிருக்கும். அவருடைய வழக்கறிஞர் கண்டுபிடித்துவிடுவார்.

மலிவு விலை வீடுகளின் பட்டாவில், மாநில அரசின் ஒப்புதலின்றி விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கலாம். ஒப்புதல் கிடைக்க மாதங்கள் ஆகும் என்பதால் அதையும் முன்கூட்டியே பாருங்கள்.

அப்பா பெயரில் உள்ள வீடு

தோட்டத்தை விட்டு வெளியேறி அப்பா வாங்கிய வீடு, அவர் இறந்த பின்னும் அவர் பெயரிலேயே இருப்பது நம்மவர்களிடையே சகஜம். அந்த வீட்டைப் பிள்ளைகள் உடனே விற்க முடியாது. நில அலுவலகத்தின் சிறிய சொத்துப் பங்கீட்டுப் பிரிவிலோ நீதிமன்றத்திலோ முதலில் உரிமை பெற வேண்டும். வரியை மட்டும் அதற்காகக் காத்திருக்காமல் யார் வேண்டுமானாலும் கட்டலாம். நோட்டீஸ் பதிவிலுள்ள பழைய முகவரிக்கே போகும்; அப்பாவின் தோட்ட லயத்து முகவரி இன்னும் இருந்தால் நம் கைக்கு வராமலே போகலாம். முகவரியை மாற்றிவிடுங்கள்.

அவசரத்தில் இருப்பவரைத் தேடி "நாளைக்கே ரொக்கம்" என்று வருபவர்களும் உண்டு. எழுதாத 14ஏ பாரத்திலோ, பவர் ஆஃப் அட்டர்னியிலோ கையெழுத்துப் போடாதீர்கள். வழக்கறிஞருக்கு வசதியில்லாதவர்கள் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையை அணுகலாம்.

பாக்கி எவ்வளவு என்று தெரியாதவர்கள் பட்டா எண்ணுடன் மாவட்ட நில அலுவலக முகப்பில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். பறிமுதலுக்குப் பின் மனு செய்யலாம். ஆனால் வீடு திரும்பும் என்பதற்கு உறுதியில்லை.