ஆக்சுவரி ஆக காலேஜில் என்ன படிக்கணும்? ஒரு கிராஜுவிட்டி கணக்கு வழியாக

ஆக்சுவரி ஆகணும்னா பி.எஸ்சி. ஆக்சுவரியல் சயின்ஸ்தான் படிக்கணுமா? பிளஸ் டூ ரிசல்ட் வரும் சமயத்தில் இந்தக் கேள்வி தவறாமல் வரும். இந்த முறை கேட்டவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர், மகளுக்காகக் கேட்டார். ஒரு பக்கம் அந்தப் பெயரையே தாங்கிய பட்டம், தனியார் பல்கலைக்கழகம், கடன் வாங்கினால்தான் கட்ட முடிகிற ஃபீஸ். இன்னொரு பக்கம் மின்சார ரயிலில் போய்வரும் தூரத்தில் பொன்னேரி அரசுக் கல்லூரி, பி.எஸ்சி. கணிதம்.

என் பதில்: பட்டத்தின் பெயருக்காகக் கடன் வாங்க வேண்டாம். இந்தியாவில் ஒருவரை ஆக்சுவரி ஆக்குவது பல்கலைக்கழகம் இல்லை. 2006ஆம் வருஷத்து ஆக்சுவரிகள் சட்டத்தின் கீழ் இயங்குகிற, நவி மும்பையில் உள்ள இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஆக்சுவரீஸ் ஆஃப் இந்தியா. பிளஸ் டூ முடித்தவர் ஏசெட் என்ற நுழைவுத் தேர்வில் பாஸ் பண்ணினால் அங்கே மாணவர் உறுப்பினர் ஆகலாம். அதற்கப்புறம் பத்துக்கும் மேற்பட்ட தாள்கள், ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு. ஒரே தாளுக்கு இரண்டு மூன்று தடவை உட்காருவது சாதாரணம். அந்தப் பயணம் சுலபமாக ஏழெட்டு வருஷம் இழுக்கும். காலேஜின் வேலை அதற்கு வேண்டிய கணிதத்தைக் கொடுப்பது. பாதியில் மனசு மாறினால் கையில் ஒரு பட்டம் இருக்கும், அது இரண்டாவது வேலை.

என்ன கணிதம்? அதற்கு இன்சூரன்ஸ் கம்பெனி வரைக்கும் போக வேண்டாம். சிப்காட்டுக்குள்ளேயே வருஷா வருஷம் ஆக்சுவரி ஒருவர் கையெழுத்துப் போடும் கணக்கு ஒன்று இருக்கு: கிராஜுவிட்டி.

நிரந்தரத் தொழிலாளி ஒருவருக்கு வயசு 48, சர்வீஸ் 20 வருஷம், அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாசம் 26,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1972இன் பணிக்கொடைச் சட்டம் தந்த சூத்திரப்படி, ஒவ்வொரு வருஷ சர்வீஸுக்கும் 15 நாள் சம்பளம், மாசத்துக்கு 26 நாள் கணக்கு. 26,000 × 15 ÷ 26 = 15,000. இருபது வருஷத்துக்கு 3,00,000. இன்றைக்கே வேலையை விட்டால் இவ்வளவு. இது ஏழாம் வகுப்புக் கணக்கு.

ஆனால் கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டில் இந்த மூன்று லட்சத்தை அப்படியே எழுத முடியாது. அவர் 58 வயசில்தான் ஓய்வு பெறுவார், அன்றைய சம்பளத்தில்தான் பணம் கொடுக்கணும். சம்பளம் வருஷத்துக்கு 6% ஏறினால் பத்து வருஷத்தில் 46,500 தாண்டும். இதுவரை பார்த்த 20 வருஷ சர்வீஸுக்கு மட்டும் அந்தச் சம்பளத்தில் சுமார் 5.37 லட்சம். பத்து வருஷம் கழித்துக் கொடுக்க வேண்டிய பணத்தின் இன்றைய மதிப்பு என்ன? 7% வட்டியில் பின்னோக்கிக் கழித்தால் சுமார் 2.73 லட்சம். வட்டியை 8% என்று எடுத்தால் 2.49 லட்சத்துக்கு இறங்கிவிடும். ஒரே ஒரு சதவீதப் புள்ளி, தொகையில் 9% அடி. ஒரு ஆளுக்கே இப்படி, ஐநூறு பேருக்குப் போட்டுப் பாருங்க.

இன்னும் முடியவில்லை. அவர் நடுவில் வேலையை விடலாம், இறந்தும் போகலாம். இறப்புக்கு ஒரு அட்டவணை உண்டு. இந்தியாவில் காப்பீடு எடுத்தவர்களின் 2012-14 இறப்பு அனுபவத்தில் இருந்து தயாரானது. வேலையை விட்டுப் போவதற்கு அப்படிப் பொது அட்டவணை கிடையாது, அந்தந்த ஆலையின் பழைய பதிவேடுகளில் இருந்துதான் கணிக்கணும். ஐந்து வருஷம் முடியாமல் போனவருக்கு கிராஜுவிட்டி இல்லை, இறந்தாலோ உடல் ஊனமுற்று வேலையை விட்டாலோ அந்த நிபந்தனை கிடையாது. ஐந்து வருஷம் தாண்டியவர் விட்டுப் போனால் பணம் மிச்சமாகாது, சீக்கிரமே கொடுக்க வேண்டி வரும், அவ்வளவுதான். இதற்கு நடுவே 2025 நவம்பரில் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, குறித்த கால ஒப்பந்தத்தில் நேரடியாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வருஷத்திலேயே கிராஜுவிட்டி உண்டு என்றது. அப்படி ஆள் எடுக்கும் ஆலைகளில் போன வருஷத்துக் கணிப்பு இந்த வருஷம் செல்லாது.

இப்ப பாடத்திட்டத்துக்கு வருவோம். மேலே செய்த ஒவ்வொரு அடிக்கும் ஒரு தாள் இருக்கு. பின்னோக்கி வட்டி கழிப்பதும், அதோடு இறப்பு அட்டவணையைச் சேர்ப்பதும் சிஎம்1. பதிவேட்டில் இருந்து விகிதத்தை மதிப்பிடுவது, அந்த மதிப்பீட்டை எவ்வளவு நம்பலாம் என்று சொல்வது சிஎஸ்1. வேலையில் இருப்பவர், விட்டவர், இறந்தவர் என்று நிலை மாறுவதை மாடல் பண்ணுவது சிஎஸ்2. பேலன்ஸ் ஷீட்டில் அது எங்கே உட்காரும் என்பது சிபி1.

இவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது நிகழ்தகவும் புள்ளியியலும். பி.எஸ்சி. கணிதத்தில் சேர்ந்தால் முதலில் கேட்க வேண்டியது, துணைப்பாடமாக கணிதப் புள்ளியியல் கிடைக்குமா என்பதுதான். இயற்பியல் மட்டும்தான் என்றால் அந்த ஓட்டையை நீங்களே அடைக்கணும். என்பிடெல்லில் ஐஐடி பேராசிரியர்களின் நிகழ்தகவு வகுப்புகள் இலவசமாகவே இருக்கு. தினம் சென்னைக்குப் போய்வர முடியும் என்றால் மாநிலக் கல்லூரி, லயோலா, தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் பி.எஸ்சி. புள்ளியியலே உண்டு. இடம் கிடைத்தால் நான் அதைத்தான் முதலில் எடுப்பேன். ஆனால் கும்மிடிப்பூண்டியில் இருந்து தாம்பரம் என்றால் நாளில் ஐந்து மணி நேரம் ரயிலிலேயே போகும், அந்த நேரமும் படிப்புச் செலவுதான். ஆக்சுவரியல் சயின்ஸ் என்ற பெயர்தான் வேணும் என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. இருக்கு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் வருஷம் ஆக்சுவரி தேர்வு எதையும் தொட வேண்டாம். நுண்கணிதமும் நேரியல் இயற்கணிதமும் கைக்கு வரட்டும். தமிழ் மீடியத்தில் இருந்து வந்தவர்கள் ஆங்கிலத்தில் கணக்கின் காரணத்தை எழுதிப் பழகணும், ஏனென்றால் மேல் நிலைத் தாள்கள் பக்கம் பக்கமாக எழுதும் தாள்கள். இரண்டாம் வருஷத்தில் ஏசெட். அதோடு எக்செலும் ஆர் மொழியும். சிஎம் தாள்களின் ஒரு பகுதியை எக்செலில், சிஎஸ் தாள்களின் ஒரு பகுதியை ஆர் மொழியில் கம்ப்யூட்டரில் செய்து காட்டணும். மூன்றாம் வருஷம் சிஎஸ்1, முடிந்தால் சிபி2 என்ற பொருளாதாரத் தாள். அதற்கு மேல் வேண்டாம். மூன்று நான்கு தாள் என்று ஓடி, டிகிரியில் அரியர் வைத்துவிட்டால் வேலை தரும் கம்பெனி இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கும். ஃபீஸ் தாளுக்குத் தாள் கட்டணும், ஃபெயில் ஆனால் மறுபடியும் கட்டணும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

தனியார் படிப்பை எதற்காகவாவது பரிசீலிக்கிறீர்கள் என்றால் ஒரே கேள்வி கேளுங்க: எந்த அமைப்பின் எந்தத் தாள்களுக்கு விலக்கு, எத்தனை மார்க் எடுத்தால்? "எக்ஸெம்ப்ஷன் உண்டு சார்" என்ற வாய் வார்த்தையோடு விடாமல் எழுத்தில் வாங்கி, அந்த அமைப்பின் தளத்தில் சரிபாருங்க.

கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டுக்கு என் யோசனை. பங்குச்சந்தையில் உள்ள ஏதாவது ஒரு உற்பத்திக் கம்பெனியின் ஆண்டறிக்கையை எடுத்து, ஊழியர் நலன்கள் பற்றிய குறிப்புக்குப் போங்க. எடுத்துக்கொண்ட வட்டி விகிதம், சம்பள உயர்வு, வேலையை விடும் விகிதம் எல்லாம் அங்கே அச்சிட்டிருக்கும். வட்டி கொஞ்சம் மாறினால் பொறுப்பு எவ்வளவு மாறும் என்ற அட்டவணையும் பக்கத்திலேயே இருக்கும். உண்மையான ஊழியர் பட்டியல் உங்களுக்குக் கிடைக்காது. கற்பனையாக நூறு பேரை வைத்து எக்செலில் கட்டி, உங்கள் அட்டவணை அதன் சாயலில் வருகிறதா என்று பாருங்க. இன்டர்வியூவில் மேசை மேல் வைக்க ஒன்று இருக்கும்.